எளிய புள்ளிப்பட வடிவங்கள்: நிரல் நூலகங்களில் அவை இடம்பெற்ற வரலாறு

எளிய புள்ளிப்பட வடிவங்கள் என்பவை, படத்தின் அகலம், உயரம், நிற அளவு ஆகியவற்றைக் கூறும் சிறு தலைப்பகுதியையும், அதைத் தொடர்ந்து படப்புள்ளிகளின் மதிப்புகளைச் சுருக்காமலோ மிக எளிய முறையில் சுருக்கியோ வரிசையாகத் தரும் தரவுப்பகுதியையும் மட்டுமே கொண்ட கோப்பு வடிவங்களாகும். நெட்பிபிஎம் குடும்பத்தைச் சேர்ந்த போர்ட்டபிள் பிட்மேப், போர்ட்டபிள் கிரேமேப், போர்ட்டபிள் பிக்ஸ்மேப் ஆகிய மூன்றும், விண்டோஸின் பிஎம்பி, எக்ஸ் சாளர முறைமையின் எக்ஸ் பிட்மேப், ட்ரூவிஷன் நிறுவனத்தின் டார்கா, அண்மைக் காலத்துக் கியூஓஐ ஆகியவையும் இவ்வகையில் முதன்மையானவை. பல நிரல்கள் பொதுவாக அழைத்துப் பயன்படுத்தும்படி எழுதிவைக்கப்பட்ட செயற்கூறுகளின் தொகுப்பு நிரல் நூலகம் எனப்படும். படங்களைக் கையாளும் நூலகம் ஒன்று உருவாகும்போது அதில் முதலில் இடம்பெறுவன பெரும்பாலும் இவ்வெளிய வடிவங்களே. எனினும் இவற்றின் எளிமை கோப்பை எழுதும் நிரலுக்கே முழுமையாகப் பயன்பட்டது. கோப்பைப் படிக்கும் நூலகத்துக்கோ, வரையறை சொல்லாமல் விட்ட இடங்களிலெல்லாம் தானே ஒரு முடிவை எடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

தோற்றம்

1980களின் நடுப்பகுதியில் கணினித் திரைகள் எழுத்துகளை மட்டும் காட்டும் நிலையிலிருந்து புள்ளிகளால் ஆன படங்களைக் காட்டும் நிலைக்கு மாறிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு வன்பொருள் நிறுவனமும் தன் நினைவகத்தில் படம் எவ்வாறு அடுக்கப்பட்டிருந்ததோ ஏறத்தாழ அவ்வாறே அதைக் கோப்பிலும் சேமித்தது. 1984இல் வண்ணப்பட அட்டைகளுக்காக வகுக்கப்பட்ட டார்கா வடிவம் 18 பைட்டு நீளமுள்ள தலைப்பகுதியுடன் தொடங்கியது. சன் நிறுவனத்தின் பணிநிலையங்கள் சன் ராஸ்டர் என்ற வடிவத்தையும், இசட்சாஃப்ட் நிறுவனத்தின் பிசி பெயிண்ட்பிரஷ் ஓவிய மென்பொருள் 128 பைட்டு தலைப்பகுதி கொண்ட பிசிஎக்ஸ் வடிவத்தையும் பயன்படுத்தின.

மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1984இல் தொடங்கப்பட்ட எக்ஸ் சாளர முறைமை வேறொரு வழியைப் பின்பற்றியது. அதன் எக்ஸ் பிட்மேப் கோப்பு, சி மொழியில் எழுதப்பட்ட மூலநிரலின் ஒரு துண்டாகவே அமைந்தது. அகலமும் உயரமும் மாறிலி அறிவிப்புகளாகவும், படப்புள்ளிகள் பதினாறடிமான எண்களின் அணியாகவும் எழுதப்பட்டன. சின்னங்களையும் சுட்டிகளின் உருவங்களையும் நிரலுடன் சேர்த்தே தொகுத்துவிட முடிந்ததால், படக்கோப்பைப் படிப்பதற்கென்று தனிச் செயற்கூறு எதுவும் அங்குத் தேவைப்படவில்லை. இதன் வண்ண வடிவமான எக்ஸ் பிக்ஸ்மேப் 1989இல் பிரான்சின் புல் நிறுவன ஆய்வாளர்களால் உருவாக்கப்பட்டது.

நெட்பிபிஎம் குடும்பம்

வன்பொருளைச் சாராத எளிய வடிவம் ஒன்றை வகுத்தவர் அமெரிக்க நிரலாளர் ஜெஃப் போஸ்கன்சர். அக்காலத்து மின்னஞ்சல் வழிகள் வெற்று எழுத்துகளை மட்டுமே சிதைவின்றிக் கொண்டுசென்றதால், கருப்பு வெள்ளைப் படம் ஒன்றை 0, 1 என்னும் எண்ணெழுத்துகளாகவே எழுதி மடலின் உள்ளடக்கமாக அனுப்பும் வகையில் அவர் போர்ட்டபிள் பிட்மேப்பை அமைத்தார். பல்வேறு வடிவங்களுக்கிடையே மாற்றம் செய்யும் சிறு நிரல்களைத் தொகுத்து 1988இன் இறுதியில் பிபிஎம்பிளஸ் என்ற பெயரில் அவர் வெளியிட்டார். சாம்பல் நிறச் சாயல்களுக்கான கிரேமேப்பும் முழு வண்ணத்துக்கான பிக்ஸ்மேப்பும் அக்குடும்பத்தில் சேர்ந்தன. ஒரு வடிவத்திலிருந்து மற்றொன்றுக்கு நேரடியாக மாற்றும் நிரல்கள் தேவைப்பட்டால் பத்து வடிவங்களுக்கு 90 நிரல்கள் எழுத வேண்டியிருக்கும். எல்லாவற்றுக்கும் பொதுவான இடைநிலை வடிவம் ஒன்று இருந்தால் உள்ளே கொண்டுவர 10, வெளியே அனுப்ப 10 என 20 நிரல்களே போதும். இந்தக் கணக்கே அத்தொகுப்பின் அடிப்படையாக இருந்தது.

1991 டிசம்பருக்குப் பிறகு போஸ்கன்சரின் வெளியீடுகள் நின்றுவிட்டதால், யூஸ்நெட் வழியாக இணைந்த நிரலாளர்கள் திருத்தங்களைத் திரட்டி 1993இல் நெட்பிபிஎம் என்ற பெயரில் தொகுப்பைத் தொடர்ந்தனர். 1999இல் அதன் பராமரிப்பை பிரையன் ஹெண்டர்சன் ஏற்றார்.

இக்குடும்பத்துக் கோப்பு, பி என்ற ரோமன் எழுத்தும் 1 முதல் 6 வரையிலான ஓர் இலக்கமும் சேர்ந்த அடையாளக் குறியுடன் தொடங்கும். 1, 2, 3 ஆகியவை முறையே இருநிறம், சாம்பல், வண்ணம் என்னும் மூவகைப் படங்களின் எழுத்துவடிவத்தையும், 4, 5, 6 ஆகியவை அவற்றின் இருமவடிவத்தையும் குறிக்கும். அடையாளக் குறிக்குப் பின் அகலமும் உயரமும், சாம்பல் மற்றும் வண்ணப் படங்களானால் மிகுதியான மதிப்பு எவ்வளவு என்பதும் பதின்ம எண்களாக வரும். அவற்றுக்கு இடையில் # குறியுடன் தொடங்கும் விளக்கக் குறிப்புகளும் இடம்பெறலாம். 640 புள்ளி அகலமும் 480 புள்ளி உயரமும் கொண்ட வண்ணப் படத்தின் இருமவடிவத்தில் தலைப்பகுதி 15 பைட்டுகளில் அடங்கிவிடும்; எஞ்சிய 9,21,600 பைட்டுகளும் புள்ளிக்கு மூன்றாக வரும் சிவப்பு, பச்சை, நீல மதிப்புகளே. நிரலாக்கம் கற்கத் தொடங்கிய மாணவரும் இத்தகைய கோப்பைச் சில வரிகளில் எழுதிவிட முடிந்தது, இவ்வடிவம் பரவியதற்கு முதற்காரணமாகும்.

2000இல் இவ்வடிவங்கள் விரிவாக்கப்பட்டன. அவ்வாண்டு ஏப்ரல் வரை இருமவடிவத்தில் 255ஆக இருந்த மதிப்பு வரம்பு, மதிப்புக்கு இரண்டு பைட்டுகளை ஒதுக்கியதன் மூலம் 65,535 வரை உயர்த்தப்பட்டது. ஜூலையில் ஒரே கோப்பில் ஒன்றுக்கு மேற்பட்ட படங்களை அடுத்தடுத்து வைக்கவும் இடமளிக்கப்பட்டது. ஒளிபுகுதன்மை முதலிய கூடுதல் தகவல்களுக்காக ஹெண்டர்சன் அதே ஆண்டில் பேம் என்ற பொது வடிவத்தை வகுத்து, அதற்கு 7 என்ற இலக்கத்தை வழங்கினார். அதே இலக்கத்தை எக்ஸ்வி என்னும் படக்காட்டி தன் சிறுபடக் கோப்புகளுக்குப் பயன்படுத்தியதால், முதலிரு எழுத்துகளை மட்டும் பார்த்து வடிவத்தை முடிவுசெய்யும் நூலகம் தவறிழைக்க நேரிட்டது.

பிஎம்பி வடிவம்

மைக்ரோசாஃப்ட்டும் ஐபிஎம்மும் ஓஎஸ்/2 இயங்குதளத்துக்காக இணைந்து உழைத்த காலத்தில் உருவான பிஎம்பி, 1990இல் வெளிவந்த விண்டோஸ் 3.0இல் இன்று பரவலாக அறியப்படும் உருவத்தைப் பெற்றது. இக்கோப்பு ரோமன் எழுத்துகளான பி, எம் ஆகியவற்றுடன் தொடங்கும் 14 பைட்டு கோப்புத் தலைப்பகுதியையும், அதையடுத்துப் படத் தலைப்பகுதியையும், தேவையானால் வண்ண அட்டவணையையும், இறுதியில் படப்புள்ளிகளையும் கொண்டது. படத் தலைப்பகுதி ஓஎஸ்/2இல் 12 பைட்டுகளாகவும், விண்டோஸ் 3.0இல் 40 பைட்டுகளாகவும் இருந்து, விண்டோஸ் 95இலும் விண்டோஸ் 98இலும் முறையே 108, 124 பைட்டுகளாக வளர்ந்தது. வண்ண அட்டவணையில் ஒரு நிறம் ஓஎஸ்/2 முறையில் மூன்று பைட்டுகளும் விண்டோஸ் முறையில் நான்கு பைட்டுகளும் கொள்ளும்.

புள்ளிகள் வழக்கமாகக் கீழ்வரியிலிருந்து மேல்வரி நோக்கி அடுக்கப்படும். ஒரு புள்ளியின் நிறங்கள் நீலம், பச்சை, சிவப்பு என்ற வரிசையில் வரும். ஒவ்வொரு வரியின் நீளமும் நான்கால் வகுபடும்வரை வெற்றுப் பைட்டுகளால் நிரப்பப்படும். மூன்று புள்ளி அகலமுள்ள வண்ணப் படத்தின் ஒரு வரிக்கு 9 பைட்டுகள் போதுமாயினும் கோப்பில் அது 12 பைட்டுகளை அடைத்துக்கொள்வது இதனாலேயே. உயரம் எதிர்ம எண்ணாகக் குறிக்கப்பட்டிருந்தால் வரிகள் மேலிருந்து கீழாக அடுக்கப்பட்டுள்ளன என்று பொருள். இவற்றுடன், ஒரே நிறம் அடுத்தடுத்து வரும் புள்ளிகளை எண்ணிக்கையும் நிறமுமாகச் சுருக்கும் தொடர்நீளக் குறியாக்கமும் இவ்வடிவத்தில் அனுமதிக்கப்பட்டது.

நூலகங்களில் ஏற்பு

நூலகங்கள் இவ்வடிவங்களை ஏற்றதற்கு மூன்று காரணங்கள் இருந்தன. முதலாவது, பிற நூலகம் எதையும் சாராமல் சில நூறு வரிகளில் இவற்றுக்கான ஆதரவை எழுதிவிட முடிந்தது. இரண்டாவது, கருவிகளுக்கிடையே படங்களைக் கைமாற்ற ஒரு பொதுவடிவம் தேவைப்பட்டது. மூன்றாவது, புதிதாக எழுதப்படும் கடினமான படிப்பு நிரல்களின் விளைவைச் சரிபார்க்கச் சுருக்கப்படாத ஒப்பீட்டுப் படம் தேவைப்பட்டது. ஜேபெக் வடிவத்துக்கான லிப்ஜேபெக் நூலகத்தை 1991இல் வெளியிட்ட சுயாதீன ஜேபெக் குழு, அதனுடன் அளித்த விரிப்பு நிரலின் இயல்பான வெளியீடாக நெட்பிபிஎம் வடிவத்தையே தேர்ந்தது. பிடிஎஃப் பக்கங்களைப் படங்களாக்கும் பிடிஎஃப்டூபிபிஎம் என்ற கருவி இன்றுவரை அவ்வடிவத்தின் பெயரைத் தன் பெயரிலேயே தாங்கியுள்ளது.

சாளர இடைமுக நூலகமான டிகே, பால் மக்கெராஸ் உருவாக்கிய வண்ணப்பட ஆதரவை 1995இல் வெளிவந்த 4.0 பதிப்பில் பெற்றபோது, ஜிஃப்புடன் கிரேமேப், பிக்ஸ்மேப் ஆகியவற்றை மட்டுமே படித்தது. அந்நூலகம் தன் உள்ளேயே பிஎன்ஜியைப் படிக்க 2012இல் வெளிவந்த 8.6 பதிப்புவரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடைப்பட்ட காலத்தில் டிகேயைப் பயன்படுத்திய நிரலாளர்கள் தாம் உருவாக்கிய படத்தைத் திரையில் காட்டுவதற்குப் பிக்ஸ்மேப்பை இடைநிலையாகக் கொண்டனர். பைத்தான் மொழிக்கு ஃபிரெட்ரிக் லுண்ட் எழுதிய பைத்தான் இமேஜிங் லைப்ரரி, படத்தைக் காட்டுமாறு கேட்கப்பட்டால் யூனிக்ஸில் பிக்ஸ்மேப்பாகவும் விண்டோஸில் பிஎம்பியாகவும் தற்காலிகக் கோப்பு ஒன்றை எழுதி, அதை வெளியிலுள்ள படக்காட்டியிடம் ஒப்படைத்தது.

1998இல் சாம் லாண்டிங்கா வெளியிட்ட எஸ்டிஎல் என்னும் விளையாட்டு நிரலாக்க நூலகம், தன் மையப்பகுதியில் பிஎம்பியை மட்டும் படித்து, ஏனைய வடிவங்களை எஸ்டிஎல் இமேஜ் என்ற துணை நூலகத்துக்கு விட்டது; மையப்பகுதி புறச்சார்பின்றி இருக்க வேண்டும் என்ற கொள்கைக்கு பிஎம்பி பொருந்தியதே இதற்குக் காரணம். கணினிப் பார்வைக்கான ஓப்பன்சிவி நூலகத்தின் ஆவணமும் பிஎம்பி, சன் ராஸ்டர், நெட்பிபிஎம் ஆகியவற்றை எப்போதும் ஆதரிக்கப்படுபவை என்றும், பிஎன்ஜி, ஜேபெக் போன்றவற்றைத் துணை நூலகங்களைப் பொறுத்தவை என்றும் பிரித்தே குறிப்பிடுகிறது.

இதற்கு மாறாக, சில நூலகங்களில் எளிய வடிவங்கள் காலந்தாழ்த்தியே சேர்ந்தன. 2002இல் வெளிவந்த ஜாவா 1.4இன் இமேஜ் ஐஓ தொகுப்பு ஜிஃப், ஜேபெக், பிஎன்ஜி ஆகியவற்றைப் படித்தபோதிலும், பிஎம்பியும் கைப்பேசிகளுக்கான இருநிற வடிவமான வயர்லெஸ் பிட்மேப்பும் 2004இல் வந்த 5.0 பதிப்பிலேயே அதில் சேர்க்கப்பட்டன. இணையதளங்களில் படம் வரையப் பயன்படும் ஜிடி நூலகத்தை தாமஸ் பௌட்டெல் 1994இல் ஜிஃப் வடிவத்தைக் கொண்டு தொடங்கினார். அவ்வடிவத்தின் சுருக்க முறைமீது யூனிசிஸ் நிறுவனம் கொண்டிருந்த காப்புரிமையின் காரணமாக 1999இல் ஜிஃப் நீக்கப்பட்டு அதன் இடத்தில் பிஎன்ஜி வைக்கப்பட்டது. அந்நூலகத்தின் வழி பிஎம்பியைப் படிக்கவும் எழுதவும் பிஎச்பி மொழிக்கு 2017இல் வந்த 7.2 பதிப்பில்தான் செயற்கூறுகள் கிடைத்தன. பைத்தான் இமேஜிங் லைப்ரரியிலிருந்து 2010இல் கிளைத்த பில்லோ நூலகம் நெட்பிபிஎம்மின் இருமவடிவங்களை நெடுநாளாகப் படித்துவந்தாலும், எளிதெனக் கருதப்படும் எழுத்துவடிவங்களைப் படிக்கும் திறனை 2022இல் வெளிவந்த 9.2.0 பதிப்பில்தான் பெற்றது.

படிப்பதில் எழுந்த சிக்கல்கள்

ஒரு நூலகம் தனக்கு வேண்டிய வகையை மட்டும் தேர்ந்தெடுத்து எழுதலாம். படிக்கும்போதோ பிறர் எழுதிய எல்லா வகைகளையும் எதிர்கொள்ள வேண்டும். நெட்பிபிஎம்மின் இருமவடிவத்தில் தலைப்பகுதியின் கடைசி எண்ணுக்குப் பின் ஒரே ஒரு வெற்றிட எழுத்து மட்டும் வரவேண்டும் என்பது விதி. எண்களுக்கு இடையில் எத்தனை வெற்றிடங்களும் வரலாம் என்பதால், அதே செயற்கூற்றை இறுதியிலும் பயன்படுத்தும் படிப்பு நிரல், முதற்புள்ளியின் மதிப்பு 9, 10, 13, 32 ஆகியவற்றுள் ஒன்றாக இருந்தால் அதையும் வெற்றிடமென்று விழுங்கிவிடும். அதன்பின் ஒவ்வொரு நிறமும் ஓரிடம் நகர்ந்து, படம் முழுவதும் நிறம் மாறித் தோன்றும். மிகப் பெரும்பாலான படங்களில் இப்பிழை வெளிப்படாது என்பதே அதைக் கண்டறிவதைக் கடினமாக்கியது.

நிறங்களின் பொருளிலும் ஒருமைப்பாடு இருக்கவில்லை. போர்ட்டபிள் பிட்மேப்பில் 1 கருப்பையும் 0 வெள்ளையையும் குறிக்க, அதே குடும்பத்தின் கிரேமேப்பில் 0 கருப்பைக் குறிக்கிறது. வயர்லெஸ் பிட்மேப்பிலும் 1 வெள்ளையே. ஒரு பைட்டில் அடங்கும் எட்டுப் புள்ளிகளில் இடப்பக்கத்துப் புள்ளி போர்ட்டபிள் பிட்மேப்பில் உயர்ந்த பிட்டிலும், எக்ஸ் பிட்மேப்பில் தாழ்ந்த பிட்டிலும் வைக்கப்படுகிறது. எக்ஸ் பிக்ஸ்மேப்போ நிறங்களைப் பெயர்களாலும் குறிக்க இடமளித்ததால், அதை முழுமையாகப் படிக்க விரும்பும் நூலகம் எக்ஸ் முறைமையின் நிறப்பெயர்ப் பட்டியலையும் தன்னுடன் சுமக்க வேண்டியதாயிற்று.

பிஎம்பியின் தொடர்நீளக் குறியாக்கத்தில், சில புள்ளிகளை வரையாமலே தாண்டிச் செல்லும் கட்டளை ஒன்று உண்டு. தாண்டப்பட்ட புள்ளிகள் எந்நிறம் பெறும் என்பதில் நூலகங்கள் வேறுபட்டன. சில அவற்றை ஒளிபுகும் புள்ளிகளாகவும், சில அட்டவணையின் முதல் நிறமாகவும் கொண்டன. இத்தகைய வேறுபாடுகளைச் சோதிப்பதற்காக ஜேசன் சம்மர்ஸ் தொகுத்த பிஎம்பி சூட் என்னும் மாதிரிக் கோப்புத் தொகுதி, கோப்புகளைச் சரியானவை, ஐயத்துக்குரியவை, கெட்டவை என மூன்றாக வகுத்துள்ளது. ஐயத்துக்குரியவை என்ற பிரிவு ஒன்று தேவைப்பட்டதே வரையறையின் நிறைவின்மைக்குச் சான்றாகும். டார்காவின் முதற்பதிப்பில் அடையாளக் குறி எதுவும் இல்லை. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பு அதைக் கோப்பின் இறுதியில் சேர்த்தது. ஆகவே ஷான் பாரெட் எழுதிய எஸ்டிபி இமேஜ் என்னும் ஒற்றைக்கோப்பு நூலகம், கோப்பு ஒன்றின் வடிவத்தை ஊகிக்கும்போது ஏனைய வடிவங்கள் எல்லாவற்றையும் விலக்கிய பிறகே டார்காவைச் சோதிக்கிறது.

பாதுகாப்பு

தலைப்பகுதி கூறும் அளவுகளை ஆராயாமல் நம்பியது, இந்நூலகங்களில் மீண்டும் மீண்டும் நேர்ந்த குறைபாடாகும். அகலமும் உயரமும் தலா 40,000 என்று கூறும் ஒரு பிக்ஸ்மேப்பின் தலைப்பகுதி இருபது எழுத்துகளுக்குள் அடங்கிவிடும். ஆனால் அதற்கு வேண்டிய நினைவகம் 480 கோடி பைட்டுகள். 32 பிட்டு எண்ணில் கொள்ளத்தக்க மிகுதி 429,49,67,295 மட்டுமே என்பதால், பெருக்கல் வரம்பு மீறி ஏறத்தாழ 50 கோடி என்ற தவறான விடையைத் தரும். நூலகம் அந்தச் சிறிய இடத்தை மட்டும் ஒதுக்கிக்கொண்டு பெரிய படத்தை அதில் எழுத முற்பட்டால், அடுத்துள்ள நினைவகம் அழிந்து, தாக்குபவரின் கட்டளைகள் இயங்கவும் வழி ஏற்படும். 2004இல் கியூடி நூலகத்தின் பிஎம்பி படிப்பு நிரலில் இத்தகைய நினைவக வரம்பு மீறலும், ஜிடிகே பிக்ஸ்பஃப் நூலகத்தின் பிஎம்பி பகுதியில் முடிவில்லாச் சுழற்சியும், எக்ஸ் பிக்ஸ்மேப்பைப் படிக்கும் லிப்எக்ஸ்பிஎம் நூலகத்தில் வரம்பு மீறல்களும் கண்டறியப்பட்டன.

இவ்வனுபவங்களின் விளைவாக, பெருக்கும் முன் வரம்பைச் சோதித்தல், கோப்பின் உண்மையான நீளத்துடன் தலைப்பகுதியை ஒப்பிடுதல், படத்தின் அளவுக்கு உச்சவரம்பு விதித்தல் ஆகியவை நூலக எழுத்தாளர்களின் வழக்கமாயின. சிதைக்கப்பட்ட கோப்புகளைத் தானாக உருவாக்கி நிரலுக்கு ஊட்டிப் பிழை தேடும் முறையை மிஹாவ் ஸலெவ்ஸ்கியின் ஏஎஃப்எல் கருவி பரவலாக்கியது. 2016இல் கூகுள் தொடங்கிய ஓஎஸ்எஸ் ஃபஸ் திட்டம் திறந்தமூல நூலகங்களுக்கு அச்சோதனையை இடைவிடாமல் நடத்தத் தொடங்கியது. இனிப் பயன்படாத வடிவத்துக்கான ஆதரவை நீக்குவதும் ஒரு தற்காப்பாகக் கருதப்பட்டது. 1993இல் மொசைக் உலாவி பக்கத்தினுள்ளேயே காட்டிய எக்ஸ் பிட்மேப், 2010இல் வெளிவந்த ஃபயர்பாக்ஸ் 3.6இல் கைவிடப்பட்டது.

பிற்கால வடிவங்கள்

2021 நவம்பரில் டொமினிக் ஷாப்லெவ்ஸ்கி அறிவித்த கியூஓஐ, எளிமையைக் கைவிடாமல் இழப்பில்லாச் சுருக்கத்தையும் அளிக்க முயன்றது. முந்தைய புள்ளியைத் திரும்பக் கூறுதல், அண்மையில் வந்த 64 நிறங்களின் அட்டவணையைச் சுட்டுதல், முந்தைய புள்ளியிலிருந்து உள்ள சிறு வேறுபாட்டை மட்டும் குறித்தல், நிறத்தை முழுமையாக எழுதுதல் என்னும் சில வழிகளாலேயே அது படத்தைக் குறியாக்குகிறது. தலைப்பகுதி 14 பைட்டுகளே கொண்டது. பைட்டு வரிசை, நிறவெளிக் குறிப்பு, கோப்பின் முடிவுக்குறி ஆகிய அனைத்தும் ஒரே பக்கத்தில் அடங்கும் வரையறையில் தரப்பட்டுள்ளன. அவ்வரையறை 2022 ஜனவரி 5ஆம் நாள் இறுதி செய்யப்பட்டது. அவ்வாண்டிலேயே எஃப்எஃப்எம்பெக் என்னும் காணொளி நூலகமும் அடுத்த ஆண்டில் பில்லோவும் இதைப் படிக்கத் தொடங்கின.

மதிப்பீடு

எளிய புள்ளிப்பட வடிவங்கள் சேமிப்புக்கும் இணையப் பரிமாற்றத்துக்கும் உரிய இடத்தைப் பிஎன்ஜிக்கும் ஜேபெக்குக்கும் விட்டுக்கொடுத்துவிட்ட பின்னரும், நிரல்களுக்கிடையே படங்களைக் கைமாற்றுவதிலும், நூலகங்களைச் சோதிப்பதிலும், படச் செயலாக்கத்தைக் கற்பிப்பதிலும் நிலைத்து நிற்கின்றன. அவற்றுக்கான ஆதரவு ஒரு நூலகத்துக்கு ஏற்படுத்திய செலவு, வடிவத்தின் அம்சங்கள் எத்தனை என்பதைக் காட்டிலும் வரையறை விட்டுவைத்த ஐயங்கள் எத்தனை என்பதையே பொறுத்திருந்தது: நான்கு தலைப்பகுதிகளாகப் பெருகிய பிஎம்பிக்குப் பல ஆண்டுத் திருத்தங்கள் தேவைப்பட்டன, சுருக்க முறை உடைய கியூஓஐயோ அறிவிக்கப்பட்ட ஈராண்டுக்குள் பல நூலகங்களில் இடம்பெற்றுவிட்டது. வரையறை சிறியதாக இருந்தால் மட்டும் போதாது, முடிந்ததாகவும் இருக்க வேண்டும் என்பதே இவ்வரலாறு நூலக ஆசிரியர்களுக்குத் தரும் முடிவாகும்.